டாக்டர் சீட்டின் விலை

1970 வாக்கில் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். இடம் கேட்டு வந்த பிள்ளையை 275 மதிப்பெண்ணுக்கு எடை போட்டார்கள். பாடத்துக்கு 200. மிச்சம் 75 நேர்முகத் தேர்வுக்கு. அந்த 75-ஐயும் ஐந்தாகப் பிரித்திருந்தார்கள். விளையாட்டு அல்லது என்.சி.சி.க்கு 15, பாடத்துக்கு வெளியே செய்த தொண்டுக்கு 15, உடல் வலுவுக்கு 15, பொதுத் திறனுக்கு 15, டாக்டராகும் நாட்டத்துக்கு 15. பதினேழு வயதுப் பிள்ளை ஒருவனுக்கு மருத்துவத்தில் நாட்டம் 9 மதிப்பெண் அளவுக்கு இருக்கிறதா, 13 அளவுக்கு இருக்கிறதா என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சில நிமிடங்களில் கண்டுபிடித்தாக வேண்டும்.

கண்டுபிடித்தார்களா என்ற கேள்வி பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 275-இல் 75 என்பது பார்த்த மாத்திரத்திலேயே அதிகமாகத் தெரிகிறது என்றார்கள் நீதிபதிகள். தலைப்புவாரியாகப் போடவேண்டிய மதிப்பெண்ணை மொத்தமாகப் போட்டதும் தப்பு என்றார்கள். சென்னைக் கல்லூரிகளை ஓர் அலகாகவும் வெளியூர்க் கல்லூரிகளைத் தனித்தனி அலகாகவும் வைத்து ஆள் எடுத்த முறையைச் செல்லாது என்று தள்ளினார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1968-இல், ராஜேந்திரன் வழக்கில் மாவட்டவாரியாக இடங்களைப் பங்கிட்ட முறையும் இதே நீதிமன்றத்தில் விழுந்திருந்தது. எண்ணம் நல்லதாக இருக்கலாம், பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்கும் ஓர் இடம் கிடைக்கட்டும் என்பதாக. ஆனால் ஒரு மாவட்டத்தில் நிறைய மதிப்பெண் வாங்கியவன் வெளியே நிற்க, பக்கத்து மாவட்டத்தில் குறைவாக வாங்கியவன் உள்ளே போவது சமத்துவத்தில் சேராது என்று ஆகிவிட்டது.

இன்னும் பின்னால் போனால் 1950. செண்பகம் துரைராஜன் வழக்கு. மருத்துவக் கல்லூரி இடங்கள் அன்று வகுப்புவாரி அரசாணைப்படி 14-க்குக் கணக்காகப் பிரிக்கப்பட்டிருந்தன: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. தனக்கு இடம் கிடைக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு வழக்குப் போட்ட அந்த அம்மையார், கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. விண்ணப்பம் போடாதவர் தொடுத்த வழக்கில் அரசாணை விழுந்தது. அதை ஈடுகட்ட 1951-இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. இந்த நாட்டின் இட ஒதுக்கீட்டுச் சட்டம் முழுக்க ஒரு மருத்துவக் கல்லூரி வாசலில் தொடங்கியது என்பதை நம் பிள்ளைகளுக்குப் பாடத்தில் இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

அந்த நேர்முகத் தேர்வுக் காலத்தில் செலவு என்று பேச்சே பெரிதாக இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பி.யு.சி. ஓராண்டு படித்து, விண்ணப்பம் போட்டு, நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டும். தேவைப்பட்டது வேறொன்று: ஆள். தெரிந்த எம்.எல்.ஏ., மாமாவின் சினேகிதரான சிவில் சர்ஜன், செயலகத்தில் ஒரு பெரிய மனிதர். எந்தப் பழைய டாக்டர் குடும்பத்தில் கேட்டாலும் ஒரு சிபாரிசுக் கடிதத்தின் கதை கிடைக்கும். பாதி கதை உண்மையாக இருக்கலாம், மீதி ஊர்ப்பேச்சு. ஆள் இல்லாதவர்கள் உள்ளே போகவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மதுரை, தஞ்சாவூர், கீழ்ப்பாக்கம், செங்கல்பட்டு, திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று அடுத்தடுத்துக் கல்லூரிகள் திறந்தபோது, வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்தவர்கள் ஸ்டெதஸ்கோப்பும் பிடித்தார்கள். அவர்களில் பலர் அரசு வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றார்கள். இந்த மாநிலத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களை நடத்தியவர்கள் அவர்கள்தான்.

1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் நுழைவுத் தேர்வு வந்தது. நேர்முகத்தில் நடக்கும் தில்லுமுல்லுக்கு மருந்தாக அதைக் கொண்டு வந்தார்கள், ஓரளவு வேலையும் செய்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த முகங்கள் மறைந்தன. பிளஸ் டூ பாட மதிப்பெண் 200, நுழைவுத் தேர்வு 100, ஆக 300. மார்ச்சில் பிளஸ் டூ முடித்த கையோடு பிள்ளைகள் நகரத்துக்கு ஓடினார்கள். திருச்சியில், மதுரையில், சென்னையில் ஒன்றிரண்டு மாதம் 'என்ட்ரன்ஸ் கோச்சிங்'. சித்தப்பா வீட்டில் தங்கல், சைக்கிளில் போய் வருதல். அதோடு 'இம்ப்ரூவ்மெண்ட்' என்று ஒரு வழியும் இருந்தது. மதிப்பெண் குறைந்தவர்கள் ஓராண்டு வீட்டில் உட்கார்ந்து பிளஸ் டூ பரீட்சையை மறுபடி எழுதலாம். கையில் காசும் பொறுமையும் இருந்த வீடுகளில் இது பரவலாக நடந்தது. பின்னாளில் அந்த வழியை அடைத்தார்கள். இன்றைய 'ரிப்பீட்டர்' திடீரென்று வானத்திலிருந்து குதித்தவர் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நுழைவுத் தேர்வு கிராமத்துப் பிள்ளைகளை வெளியே தள்ளுகிறது என்ற குரல் எழுந்து, 2006-இல் சட்டம் இயற்றி, 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. அதிலிருந்து பத்தாண்டு பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200 'கட்-ஆஃப்'. பரீட்சையில் ஒவ்வொரு பாடமும் 200-க்கு என்பதால் இயற்பியலில் போன ஒரு மதிப்பெண் கட்-ஆஃபில் கால் மதிப்பெண்ணாக இறங்கும். அந்தக் கால் மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கான பேர் முன்னும் பின்னும் ஆவார்கள். விடைத்தாள் நகல் வாங்கி, மறுகூட்டலுக்குப் போட்டு, மறுமதிப்பீட்டுக்குப் போட்டு, ஓர் அரை மதிப்பெண்ணுக்காகத் தந்தைமார் கல்வித்துறை அலுவலகங்களில் நின்றார்கள். கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் உயிரியல் மதிப்பெண் பார்ப்பார்கள். அதுவும் ஒன்றானால் வேதியியல். பிறகு நான்காவது பாடம். பிறகு பிறந்த தேதி, மூத்தவர் முன்னால். அதுவும் ஒன்றென்றால் கணினி கொடுத்த 'ரேண்டம் நம்பர்'. கடைசியில் விதிதான் என்று பெரியவர்கள் சொல்வதை அரசாங்கமே பத்து இலக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும்.

அந்தப் பத்தாண்டின் விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் 500 ரூபாய்க்கு விற்பார்கள், 'செயலாளர், தேர்வுக் குழு, கீழ்ப்பாக்கம்' பெயரில் டி.டி. எடுத்துக்கொண்டு போக வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் நகலைக் காட்டினால் இலவசம். தாம்பாளம் அளவுக்கு ஒரு பெரிய உறை, உள்ளே தகவல் புத்தகம், படிவம். அதை நிரப்பி மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், தேவைப்பட்டால் இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றின் நகலையும் வைக்க வேண்டும். நகல் என்றால் வெறும் ஜெராக்ஸ் இல்லை, 'அட்டெஸ்டேஷன்' போட்ட நகல். கெசட்டட் அதிகாரி ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். எங்கள் ஊரில் கால்நடை மருத்துவர்தான் அந்த அதிகாரி. ஜூன் மாதத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களைவிட ஜெராக்ஸ் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அதிகமாக நின்றார்கள். மனுஷன் முகம் சுளித்ததில்லை. அசலைப் பார்க்காமல் கையெழுத்தும் போட்டதில்லை.

அடுத்தது கவுன்சலிங். இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலையில் சென்னையில் இறங்கி, லாட்ஜில் குளித்துவிட்டு, கோப்பும் கையுமாக மண்டபத்துக்குப் போக வேண்டும். திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடும். சென்னை மருத்துவக் கல்லூரியான எம்.எம்.சி. முதலில் காலியாகும், ஸ்டான்லி கல்லூரி அடுத்தது. ஓ.சி., பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று எண்கள் இறங்கிக்கொண்டே வர, தன் பெயர் வருவதற்குள் மதுரை இருக்குமா, இல்லை தூத்துக்குடிதானா என்று கணக்குப் போட்டபடி வெளியே குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். ஒதுக்கீட்டு ஆணையைக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். கல்லூரிக் கட்டணம்? எல்லாம் சேர்த்து ஆண்டுக்குப் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம், அதில் கல்விக் கட்டணம் 4,000 ரூபாய். தாய்மார் நகையைக் கழற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் வரவில்லை.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பொற்காலக் கதையாகிவிடும். அந்தப் பொற்காலத்துக்கு நாமக்கல் என்று ஒரு ஊர் இருந்தது. அங்கேயும் ராசிபுரம் பக்கமும் உள்ள விடுதிப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டும் அரைத்துக் குடிக்க வைத்தார்கள். விடிகாலை நாலரைக்கு எழுப்பி, இரவு பதினொன்றுக்குப் படுக்க விட்டு, நாள்தோறும் பரீட்சை. அந்த ஆலைகளுக்கு இரண்டாண்டுக்கு இரண்டு மூன்று லட்சம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகள் ரேங்க் பட்டியலை நிரப்பினார்கள். அரசுப் பள்ளியில் படித்து மருத்துவக் கல்லூரிக்குள் போனவர்கள், கட்-ஆஃப் காலத்திலும், மாநிலம் முழுக்க ஆண்டுக்கு முப்பது நாற்பது பேர்தான். நாடு முழுதுக்குமான இன்றைய நுழைவுத் தேர்வாகிய நீட்டுக்கு எதிராகப் பேசுகிறவர்கள் இந்த எண்ணை வசதியாக விழுங்கிவிடுகிறார்கள். அதை விழுங்கினால் நம் வாதமும் பலவீனமாகும்.

நீட் நேராக வந்துவிடவில்லை. 2013 மே 5-இல் முதல் தேர்வு நடந்தது, அந்த ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. மே மாதம் அவசரச் சட்டத்தால் மாநிலங்களுக்கு ஓராண்டு விலக்கு. 2017-இலும் விலக்கு வரும் என்று தமிழ்நாட்டில் ஆகஸ்ட் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகள் அதை நம்பிப் பிளஸ் டூவுக்கு மட்டும் படித்தார்கள். விலக்கு வரவில்லை. அரியலூர் மாவட்டத்து அனிதா 1,200-க்கு 1,176 வாங்கியிருந்தார். பழைய கணக்குப்படி கட்-ஆஃப் 196.75. நீட்டில் 720-க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய் முறையிட்டார். செப்டம்பர் 1-இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்தது. ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றியதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

அதே 2017-இல் வேலூர் சி.எம்.சி. செய்ததையும் சொல்லியாக வேண்டும். அங்கே அதுவரை தேர்வு முறையே தனி: சொந்த எழுத்துத் தேர்வு, அதில் தேறியவர்களை வேலூருக்கு வரவழைத்து மூன்று நாள் வைத்துப் பார்ப்பது. குழுவாக வேலை கொடுப்பார்கள், பேசவிடுவார்கள், கவனிப்பார்கள். படிப்பு முடிந்தபின் மிஷன் ஆஸ்பத்திரியில் சேவை செய்ய வேண்டும் என்ற உடன்படிக்கை. கல்விக் கட்டணம் அப்போது ஆண்டுக்கு 3,000 ரூபாய். நாட்டத்துக்கு 15 மதிப்பெண் போடுவதை நான் மேலே கேலி செய்தேன், சி.எம்.சி. மூன்று நாள் செலவழித்து அதைத்தான் செய்தது. அங்கிருந்து படித்துப் போய்ச் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் தங்கியவர்களைப் பார்த்தால் அந்த மூன்று நாள் வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. பொதுக் கவுன்சலிங்கில் வரும் மாணவர்களைத்தான் சேர்க்க வேண்டும் என்றானபோது சி.எம்.சி. அந்த ஆண்டு 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பியது. 99 இடம் காலியாகக் கிடந்தது.

இன்றைய விண்ணப்பத்துக்கு வருவோம். காகிதம் குறைந்தது. பச்சை மை போயிற்று, டி.டி. போயிற்று, கால்நடை மருத்துவருக்கு நிம்மதி. கைப்பேசியிலேயே நீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓ.பி.சி.க்கு 1,600, பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத் திறனாளிகளுக்கு 1,000. ஒரு காலத்தில் ஜிப்மருக்கு ஒன்று, எய்ம்ஸுக்கு ஒன்று, சி.எம்.சி.க்கு ஒன்று, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு ஆளுக்கொன்று என்று விண்ணப்பம் விண்ணப்பமாக வாங்கி, ஊர் ஊராகப் போய்த் தேர்வு எழுதியதை நினைத்தால் இது பெரிய மிச்சம்தான். இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு வாசலில் நுழைந்தபின் மூன்று மேசைகள். தேர்வு நடத்துவது தேசியத் தேர்வு முகமை. அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீத இடங்களுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் டெல்லியில் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் (எம்.சி.சி.) கவுன்சலிங். மாநில இடங்களுக்குக் கீழ்ப்பாக்கத் தேர்வுக் குழு. எம்.சி.சி.யில் அகில இந்திய இடத்துக்குப் பொதுப் பிரிவினர் 1,000 ரூபாய் கட்டணமும் 10,000 வைப்புத் தொகையும் கட்ட வேண்டும், மற்ற பிரிவினருக்கு அதில் பாதி. நிகர்நிலைக்கு என்றால் 5,000 கட்டணம், 2 லட்சம் வைப்புத் தொகை. மாநிலத்தில் அரசு ஒதுக்கீட்டுக்கு 500, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 1,000.

சான்றிதழ்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஊரில் பி.சி. அல்லது எம்.பி.சி. என்று வட்டாட்சியர் அலுவலகம் கொடுத்த நிரந்தரச் சாதிச் சான்றிதழ் கீழ்ப்பாக்கத்தில் செல்லும், டெல்லியில் செல்லாது. அங்கே கேட்பது மத்திய அரசுப் படிவத்தில் 'வசதி படைத்த பிரிவினர் அல்லர்' என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ். அதற்கு வருமான வரம்பு உண்டு, நாள் கணக்கு உண்டு. 2021-இல்தான் அகில இந்திய இடங்களில் ஓ.பி.சி.க்கு 27 சதவீதம் கிடைத்தது, அதுவும் சென்னை உயர் நீதிமன்றத்தில் போராடிப் பெற்றது. பெற்ற உரிமையைப் பயன்படுத்த இந்தத் தாள் வேண்டும் என்பது கவுன்சலிங் தேதி வந்தபிறகே பல வீடுகளுக்குத் தெரிகிறது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க் கட்டணம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று பேர் கையில் மனு நகர வேண்டும். ஜனவரியிலேயே மனு போடுங்கள் என்று தெரிந்த பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முடிந்தால் ஏப்ரலில், புது நிதியாண்டு பிறந்ததும், புதுப்பித்தும் கொள்ளுங்கள்.

தேர்வு நாளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அரைக்கை சட்டை, ஷூ கூடாது, தோடு மூக்குத்தி கூடாது, பள்ளி வாசலில் மகளின் கம்மலைக் கையில் முடிந்துகொண்டு நிற்கும் அம்மா. 2018-இல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்குக் கேரளத்திலும் அதற்கப்பாலும் மையம் போட்டதும், அந்த ஆண்டு தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புத் தவறு என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் கொடுக்கச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் பழைய செய்தி. தமிழில் எழுதலாம் என்று சட்டம் இருக்கிறது. தமிழில் எழுதி ஜெயிக்கலாமா என்பதைப் பயிற்சி மையங்களின் புத்தக அலமாரியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இப்போது உண்மையான செலவு. நுழைவுத் தேர்வுக் காலத்து ஒன்றிரண்டு மாதக் கோச்சிங் இன்று எட்டாம் வகுப்பிலேயே 'ஃபவுண்டேஷன்' என்ற பெயரில் தொடங்குகிறது. பள்ளியோடு சேர்ந்த பயிற்சி, வார இறுதிப் பயிற்சி, பிளஸ் டூ முடித்தபின் முழு ஆண்டு 'லாங் டேர்ம்'. முழு ஆண்டுப் பயிற்சி லட்ச ரூபாயில் தொடங்கி, விடுதியோடு சேர்ந்தால் இரண்டு மூன்று லட்சத்துக்குப் போகிறது. ஓராண்டு போதாதவர்களுக்கு இரண்டாம் ஆண்டு. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், மேல் வயது வரம்பும் இல்லை. நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கையில் திடுக்கிட வைப்பது இதுதான்: நீட்டுக்கு முந்தைய கடைசி ஆண்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் முன்பே பிளஸ் டூ முடித்தவர்கள் எட்டில் ஒருவர் அளவுக்கு இருந்தார்கள், 2020-21-இல் பத்தில் ஏழு பேர் அவர்கள்தான்.

பதினேழு வயதில் முடிவாக வேண்டிய கேள்வி இன்று பத்தொன்பதில் முடிவாகிறது. அந்த இரண்டு ஆண்டுக்கு ஒரு விலை இருக்கிறது. அது எந்தத் தகவல் புத்தகத்திலும் அச்சாவதில்லை. கொத்தனார் வீட்டுப் பையன் இரண்டு ஆண்டு சும்மா உட்கார்ந்து படிக்க முடியாது. அவன் கொண்டு வரும் கூலியைக் கணக்கு வைத்து வீட்டில் சீட்டுக் கட்டுகிறார்கள். பெண் பிள்ளை என்றால் 'இன்னும் ஒரு வருஷமா?' என்ற கேள்வி பயிற்சி மையத்துக்கு முன்னால் வரன் வீட்டிலிருந்து வந்துவிடும்.

அரசுக் கல்லூரியில் ஓராண்டுச் செலவு இன்றும் இருபதாயிரம் ரூபாய்க்குள்தான். பத்தாண்டில் ஏறியது சில ஆயிரம். இந்த விலைக்கு இந்தப் படிப்பைக் கொடுப்பதற்குத் தாராளமாகப் பெருமைப்படலாம். உள்ளே போனபின் ஐந்தரை ஆண்டுக்கு அரசு வாங்கும் மொத்தத் தொகை, உள்ளே போவதற்கு முன் ஓராண்டில் விடுதியோடு சேர்த்துத் தனியார் பயிற்சி மையம் வாங்கும் தொகையில் பாதிதான் இருக்கும். மருத்துவக் கல்வியை மலிவாக வைத்திருப்பதாகச் சொல்லும் அரசுகள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். மானியம் கொடுத்த இடத்துக்குப் போகும் வழியில் ஒரு தனியார் சுங்கச் சாவடி இருக்கிறது.

அரசு இடத்துக்குக் கீழே இறங்கினால் ஏணி செங்குத்தாக ஏறுகிறது. சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால் ஆண்டுக்கு நாலரை லட்சம் அளவில். அதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு பதின்மூன்றரை லட்சம், வெளிநாடு வாழ் இந்தியர் பெயரில் இருபத்துநாலரை லட்சம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் சர்வ சாதாரணம். படிப்பு முடிவதற்குள் ஒரு கோடி.

கேபிடேஷன் என்ற பேச்சு தமிழ்நாட்டில் பலமாகக் கேட்கத் தொடங்கியது தனியார் மருத்துவக் கல்லூரிகள் வந்த எண்பதுகளின் நடுவில். 1985-இல்தான் பி.எஸ்.ஜி., ராமச்சந்திரா, அண்ணாமலைநகர் ராஜா முத்தையா மூன்றும் தொடங்கின. நன்கொடை வாங்குவதைத் தடுக்க மாநிலம் 1992-இல் சட்டம் போட்டது. அதே ஆண்டு கர்நாடகத்து மோகினி ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கேபிடேஷனைக் கண்டித்தது. அந்த வழக்கில் வெளிமாநில மாணவிக்கு ஆண்டுக் கட்டணம் 60,000 ரூபாய். அதைத்தான் அநியாயம் என்று வழக்காடினார்கள். இன்று அதைவிடப் பல மடங்குத் தொகையை அரசு அமைத்த கட்டணக் குழுவே எழுதிக் கொடுக்கிறது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: இப்போது நிர்வாக இடமானாலும் கவுன்சலிங் வழியாகத்தான். கல்லூரி முதலாளியின் அறையில் யார் கதவைத் தட்டினார் என்பது இப்போது அவ்வளவு முக்கியமில்லை. பெட்டியில் போன பணம் ரசீதுக்கு வந்துவிட்டது, தொகை குறையவில்லை.

தகுதியின் பெயரால் வந்த தேர்வு இந்த ஏணியில் என்ன செய்கிறது என்று பாருங்கள். 2025-இல் பொதுப் பிரிவுக்கு நீட் தகுதி மதிப்பெண் 144. அதாவது 720-க்கு ஐந்தில் ஒரு பங்கு. பணம் இல்லாத பிள்ளை 500-ஐத் தாண்டியும் அரசு இடம் கிடைக்காமல் அடுத்த ஆண்டுக்கு உட்காருகிறது. பணம் உள்ள பிள்ளை அதில் பாதிக்கும் குறைவான மதிப்பெண்ணோடு நிகர்நிலையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொள்ள முடிகிறது. இதற்குத் தேர்வைக் குறை சொல்வதா, கட்டணத்தைக் குறை சொல்வதா என்று கேட்டால், இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்ல வேண்டும் என்பேன். மதிப்பெண் வரிசை ஒரே வரிசை என்று பெயர். பாதி வழியில் அது பண வரிசையாக மாறுகிறது.

நீட் காலத்தில் தமிழ்நாடு செய்த உருப்படியான காரியம் 7.5 சதவீதம். நீட்டுக்குப் பிறகு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் போனவர்களை ஒரு கை விரலிலேயே எண்ணலாம் என்ற நிலை வந்திருந்தது. நீதியரசர் கலையரசன் குழு 10 சதவீதம் கொடுக்கச் சொன்னது, அரசு 7.5 என்று சட்டம் கொண்டு வந்தது, ஆளுநரின் கையெழுத்துக்காகக் காத்திருந்து 2020 அக்டோபர் 30-இல் அது கிடைத்தது. அந்த ஆண்டே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து நானூறு பேருக்கு மேல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடம். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தவர்கள் கட்டணத்துக்கு வழியில்லாமல் திரும்பிப் போனபோது, அந்தக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்று அறிவித்தார்கள். கேட்கும் தகுதி எளிது: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, அல்லது எட்டு வரை கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி. கட்-ஆஃப் காலத்து முப்பது நாற்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தப் பிள்ளைகளிலும் பலர் இரண்டாம், மூன்றாம் முயற்சிக்காரர்கள் என்பது வேறு கதை.

இடங்களும் பெருகின. 2022 ஜனவரி 12-இல் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள், 1,450 இடங்கள். விருதுநகர், ராமநாதபுரம், கள்ளக்குறிச்சி, அரியலூர், நீலகிரி என்று 1968-இல் விழுந்த மாவட்டப் பங்கீட்டைக் கொண்டு வந்தவர்கள் மனதில் இருந்திருக்கக்கூடிய பகுதிகளே பட்டியலில் இருக்கின்றன. அனிதாவின் அரியலூரிலும் இப்போது ஒரு கல்லூரி.

இதற்கும் வெளியே தள்ளப்பட்டவர்கள் ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று விமானம் ஏறுகிறார்கள். அங்கே போகவும் நீட் தேறியிருக்க வேண்டும், திரும்பி வந்தால் தகுதிகாண் தேர்வு ஒன்றும் உண்டு. இங்கே நிர்வாக ஒதுக்கீட்டில் இரண்டு ஆண்டுக்குக் கட்டும் தொகையில் அங்கே முழுப் படிப்பு முடிகிறது என்று முகவர்கள் சொல்வதில் கணக்குத் தப்பில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் சுரங்க அறைகளில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதுதான் அத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிந்தது.

நீட் விலக்கு மசோதாவைச் சட்டமன்றம் 2021-இல் நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022-இல் மறுபடி நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் மறுத்துவிட்டார் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். அந்த இழுபறி நடக்கிற வரை நடக்கட்டும். அதற்கிடையில், யாருடைய ஒப்புதலும் தேவைப்படாத ஒரு சின்னக் காரியம் கீழ்ப்பாக்கத்தில் செய்யலாம். மாநில விண்ணப்பத்தில் சாதி, வருமானம், படித்த பள்ளி, அப்பா அம்மா படிப்பு என்று எல்லாம் கேட்கிறார்கள். கூடவே இரண்டு கட்டங்கள் போதும்: இது எத்தனையாவது முயற்சி, பயிற்சிக்கு இதுவரை எவ்வளவு செலவானது. வரும் பதில்களைக் கல்லூரிவாரியாகக் கூட்டி, ஆண்டுதோறும் தகவல் புத்தகத்தில் கட்டண அட்டவணைக்குப் பக்கத்தில் அச்சிட்டால், அடுத்த ஜூனில் விண்ணப்பிக்கும் வீடு இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.